பேரனுக்காக அரசாண்ட பாட்டி

அமாவாசை நாளில் வைகைக் கரையிலும், திருப்புவனத்திலும், இராமேசுவரத்திலும் எள்ளும் நீரும் வார்க்க அமர்ந்திருக்கும் அன்பர்களைக் கவனித்தால் ஒன்று விளங்கும். தந்தையின் பெயரைக் கேட்டவுடன் விடை வருகிறது. பாட்டனாரின் பெயரும் தடையின்றி வருகிறது. "பாட்டியாரின் பெயர்?" என்று புரோகிதர் கேட்கும்போது பலருடைய நாவும் சற்றே தயங்குகிறது. கொள்ளுப்பாட்டியின் பெயரைக் கேட்டாலோ, பக்கத்தில் நிற்கும் அண்ணனையோ அத்தையையோ திரும்பிப் பார்க்கிறார்கள்.

பாட்டியின் மீது அன்பில்லாததால் வரும் தயக்கம் அன்று இது. அவர் மடியில் வளர்ந்தவர்கள்தாம் இவர்கள். ஆனால் வீட்டில் அவரை யாரும் பெயர் சொல்லி அழைத்ததில்லை. மேலத்தெருப் பாட்டி, ஊர்ப் பாட்டி, அப்பளப் பாட்டி என்று இடத்தையோ கைவண்ணத்தையோ சொல்லியே அழைத்தார்கள். வாக்காளர் பட்டியலிலும் பத்திரத்திலும் மட்டும் இருந்த பெயர், அந்தக் காகிதங்களோடு போய்விட்டது.

சாஸ்திரம் அந்தப் பெயரைக் கைவிடவில்லை. தர்ப்பண முறையில் தாய், பாட்டி, கொள்ளுப்பாட்டி என்று மூன்று தலைமுறைப் பெண்களுக்கும் கோத்திரமும் பெயரும் சொல்லித் தனித்தனியே நீர் வார்க்க வேண்டும். தந்தையைப் பெற்றவள் பிதாமஹி. தாயைப் பெற்றவள் மாதாமஹி. தாயை வசு ரூபமாகவும், பாட்டியை ருத்திர ரூபமாகவும், கொள்ளுப்பாட்டியை ஆதித்திய ரூபமாகவும் தியானிக்கிறோம். திருவள்ளுவரும் இல்வாழ்வான் போற்ற வேண்டிய ஐந்து இடங்களை எண்ணும்போது தென்புலத்தாரையே முதலில் வைத்தார். தெய்வம் கூட அதற்கு அடுத்ததுதான். பேரன் என்ற சொல்லே பெயரன் என்பதன் திரிபு. மூத்தோரின் பெயரைத் தாங்குபவன் என்பது அதன் பொருள். பெயரைத் தாங்க வேண்டியவனுக்கே பெயர் தெரியாமற் போவது எவ்வளவு பெரிய இழப்பு!

பாட்டியை நினைத்தல் என்றால் என்ன என்பதை எண்ணும்போது, மதுரையில் வாழும் நமக்கு ஒரு பாட்டியின் வரலாறு மிக அருகிலேயே இருக்கிறது. கே.கே. நகர் வாசிகள் காலை நடையாகவே சென்று வரக்கூடிய தொலைவில் தமுக்கம் அரண்மனை நிற்கிறது. இன்று அது காந்தி நினைவு அருங்காட்சியகம். 1959-ஆம் ஆண்டு ஏப்ரல் 15 அன்று பிரதமர் ஜவாஹர்லால் நேரு அதைத் திறந்து வைத்தார். அண்ணலின் இரத்தக்கறை படிந்த ஆடையைக் காண வருவோர் பலர். அதற்கு முன் அந்த மாளிகை யாருடையது என்று கேட்போர் சிலரே. இராணி மங்கம்மாளின் கோடை மாளிகை என்று மதுரை மக்கள் அதைச் சொல்லி வருகிறார்கள். சித்திரைப் பொருட்காட்சிக்குப் பேரக் குழந்தைகளின் கையைப் பிடித்துக்கொண்டு தமுக்கம் மைதானத்துக்குச் சென்ற பாட்டிகளுள் எத்தனை பேருக்குத் தெரியும், தாம் நடந்த இடம் ஒரு பாட்டியின் இடம் என்று?

ஆம், மங்கம்மாள் ஒரு பாட்டி. நாடாண்ட பெண்மணி என்றே அவரைப் பாடநூல்கள் நமக்குச் சொல்லின. அவர் தம் பெயரால் முடிசூடி ஆண்டவர் அல்லர். கைக்குழந்தையாக இருந்த பேரனின் பெயரால் ஆண்டவர் என்பதை நாம் அவ்வளவாக எண்ணிப் பார்ப்பதில்லை.

மங்கம்மாள், மதுரை நாயக்க மன்னர் சொக்கநாத நாயக்கரின் தேவி. சொக்கநாதர், திருமலை நாயக்கரின் பேரன். மகாலும் வண்டியூர்த் தெப்பக்குளமும் எழுந்த பெருவாழ்வைப் பாட்டனார் கண்டார். பேரன் காலத்திலோ போர்களும் பஞ்சமும் நாட்டை வாட்டின. தலைநகரும் திருச்சிராப்பள்ளிக்கு மாறியிருந்தது. 1682-இல் சொக்கநாதர் காலமானார். அரச குலத்துப் பெண்கள் கணவனுடன் உடன்கட்டை ஏறுவது வழக்கமாக இருந்த காலம் அது. மங்கம்மாள் ஏறவில்லை. இளம் பருவத்து மகன் ஒருவன் இருந்தான். அவனுக்காக அவர் உயிர் தாங்கினார்.

அந்த மகன் அரங்ககிருஷ்ண முத்துவீரப்ப நாயக்கன். துணிவும் நேர்மையும் மிக்கவன் என்று பெயரெடுத்தவன். ஏழு ஆண்டுகளே ஆண்டான். 1689-இல் பெரியம்மை நோய் அவனைக் கொண்டு போயிற்று. அப்போது அவன் மனைவி கருவுற்றிருந்தாள். ஆண் குழந்தை பிறந்தது. பிறந்த சில நாட்களிலேயே தாயும் கணவனைத் தொடர்ந்து மறைந்தாள்.

இந்த இடத்தில் சற்று நின்று எண்ணிப் பாருங்கள். கணவனை இழந்து ஏழு ஆண்டுகள். இப்போது ஒரே மகனும் இல்லை, மருமகளும் இல்லை. கையில் இருப்பது தாய்ப்பாலும் கிட்டாத ஒரு சிசு. வாசலில் நிற்பது பகைவர் சூழ்ந்த ஒரு நாடு. துக்கம் காக்கவும் அவகாசம் கிடைத்திராது. அந்தக் கைக்குழந்தைக்கு விஜயரங்க சொக்கநாதன் என்று பெயரிட்டு, அரசனாக முடிசூட்டி, அவன் வளரும் வரை ஆட்சிப் பொறுப்பைத் தாமே ஏற்றார் மங்கம்மாள். பேரனின் பெயரிலேயே தம் கணவரின் பெயரும் இருந்ததைக் கவனியுங்கள். பெயரன் என்ற சொல்லின் பொருள் அந்த அரண்மனைத் தொட்டிலில் உயிர் பெற்றது.

பெற்றவர்களை இழந்த பேரக் குழந்தையை வளர்த்து ஆளாக்கிய பாட்டிகள் நம் ஊர்களில் எத்தனையோ பேர். மகன் இறந்த துயரைத் தொண்டைக்குள் அடக்கிக்கொண்டு, பேரனுக்குத் தாலாட்டுப் பாடிய அந்தக் குரலை நம்மில் பலர் கேட்டிருக்கிறோம். மங்கம்மாள் செய்ததும் அதுவே. தொட்டில் மட்டும் அரியணைக்குப் பக்கத்தில் இருந்தது.

பதினைந்து ஆண்டுகளுக்கு மேல் அவர் நாட்டைக் காத்தார். முகலாயப் பேரரசின் படைத்தலைவர்கள் தெற்கே வந்தபோது, மோதி அழிவதைவிடத் திறை செலுத்தி மக்களைக் காப்பது நல்லது என்று முடிவு செய்தார். திறை மறுத்த திருவிதாங்கூர் மீது 1697-இல் படை அனுப்பினார். தஞ்சை மராட்டியருடன் போரிட்டார். பின்னர் மைசூர் மன்னர் சிக்கதேவராயர் காவிரியின் குறுக்கே அணை எழுப்பி நீரைத் தடுத்தபோது, அதே தஞ்சை அரசுடன் கைகோத்து எதிர்க்கத் துணிந்தார். படை போய்ச் சேருமுன்பே மழை வெள்ளத்தில் அணை உடைந்துவிட்டது. எல்லாவற்றிலும் வெற்றியே என்று சொல்வதற்கில்லை. கிழவன் சேதுபதியுடன் 1702-இல் நடந்த போரில் தோல்வியும் கண்டார். இழப்பும் வரவும் கலந்ததுதான் குடும்பம் நடத்துதல். அவருக்கு நாடே குடும்பமாயிற்று.

ஆயினும் மக்கள் அவரைப் போர்களுக்காக நினைவில் வைத்துக்கொள்ளவில்லை. அவர்கள் நினைவில் நின்றவை நிழல், நீர், சோறு ஆகிய மூன்றுமே.

இதற்கு அடிப்படையாக ஒரு கதை வழிவழியாகச் சொல்லப்படுகிறது. ஒருநாள் மங்கம்மாள் ஏதோ நினைவில் இருந்தபோது இடக்கையால் தாம்பூலத்தை எடுத்து வாயிலிட்டுக்கொண்டாராம். தவறு என்று உணர்ந்ததும் உள்ளம் நடுங்கிப் பெரியோரை அழைத்துப் பரிகாரம் கேட்டாராம். சாலைகள் அமைத்து, மரங்கள் நட்டு, சத்திரங்கள் கட்டி, வழிப்போக்கர்க்கு அன்னம் அளிக்குமாறு அவர்கள் சொன்னார்களாம். அப்படியே செய்தார் என்று கதை முடிகிறது.

இந்தக் கதையைச் சிறுவயதில் கேட்டவர்கள், இடக்கையால் எதையும் கொடுக்கவோ வாங்கவோ கூடாது என்ற ஒழுக்கத்தையே அதில் கண்டார்கள். அதில் இன்னொன்றும் இருக்கிறது. அரண்மனைக்குள் யாருமே பார்த்திராத ஒரு சிறு பிழை அது, மூடி மறைத்திருக்கலாம். மறைக்காமல் தமக்குத் தாமே தண்டனை கேட்டவர், அந்தத் தண்டனையை ஊருக்குப் பயனுள்ளதாக ஆக்கிக்கொண்டார். கை தவறி உப்பு சிந்தினாலும் அன்று ஒரு பிச்சைக்காரருக்குச் சோறிட்டுவிட்டு உண்ட பாட்டிகள் இருந்த நாடு இது. அவர்களுடைய மனமும் மங்கம்மாளின் மனமும் ஒன்றே.

தென்மாவட்டங்களில் மங்கம்மாள் சாலை என்ற பெயர் இன்றும் வழங்குகிறது. கன்னியாகுமரி வரை செல்லும் வழியெங்கும் அவர் சாலை அமைத்தார், மரம் நட்டார் என்பது மக்கள் வழக்கு. இருப்புப்பாதை நம் ஊருக்கு வருவதற்கு ஒன்றரை நூற்றாண்டுக்கு முந்தைய காலம் அது. இராமேசுவரத்துக்கும் கன்னியாகுமரிக்கும் யாத்திரை செல்வோர் கால்நடையாகவே செல்வர். வெயிலேறியதும் தங்க ஒரு மரநிழல் வேண்டும். குடிக்கத் தண்ணீர் வேண்டும். தலைச்சுமையைத் துணையின்றி இறக்கி வைக்கச் சுமைதாங்கிக் கல் வேண்டும். பொழுது சாய்ந்ததும் படுக்க ஒரு சத்திரமும், பசித்தவர்க்கு ஒரு கவளம் சோறும் வேண்டும். ஒரு நாள் நடைக்குள் இவை கிடைக்காவிட்டால் முதியோரும் குழந்தைகளும் யாத்திரை செல்வது எங்ஙனம்? சத்திரம் கட்டினால் மட்டும் போதாது. அடுப்பு அணையாமலிருக்க நிலங்களின் வருவாயை அதற்கென்று மானியமாக எழுதி வைக்க வேண்டும். அறம் என்பது ஒரு நாள் உற்சாகம் அன்று. நாள்தோறும் உலை வைப்பது என்பதை அக்காலத்தார் அறிந்திருந்தனர்.

இங்கே சுமைதாங்கிக் கல்லைப் பற்றியும் ஒரு சொல். கருவுற்ற நிலையில் இறந்துபோன பெண்ணின் நினைவாகச் சுமைதாங்கிக் கல் நடுவது தமிழ்நாட்டு வழக்கம். சுமையை இறக்கி வைக்காமலே போய்விட்டவளின் பெயரால், வழியில் வருவோர் எல்லாரும் சுமையை இறக்கி இளைப்பாறட்டும் என்பது அதன் கருத்து. மறைந்த பெண்ணை நினைப்பதற்கு நம் முன்னோர் கண்டுபிடித்த வழி எவ்வளவு நயமானது! முகம் அறியாத வழிப்போக்கன் ஒருவன், அங்கே சுமையை இறக்கி, "அப்பாடா" என்று மூச்சு விடுகிறான். அந்த மூச்சே அவளுக்கு வார்க்கும் நீர்.

மதுரை இரயில் நிலையத்தை விட்டு வெளியே வந்தால் எதிரே மங்கம்மாள் சத்திரம் இருக்கிறது. மீனாட்சியம்மனைத் தரிசிக்க வெளியூர்களிலிருந்து வந்த எத்தனையோ குடும்பங்கள் அங்கே மூட்டையை இறக்கி வைத்துவிட்டுக் கோயிலுக்கு நடந்திருக்கின்றன. திருச்சிப் பகுதிக்கு நீர் தரும் உய்யக்கொண்டான் வாய்க்காலையும் அவர் சீர்செய்வித்தார். தம் சமயத்தில் அசையாத பக்தி கொண்டிருந்தும், திருச்சியிலுள்ள தர்காவுக்கும் மானியம் அளித்தார். பசியும் தாகமும் யாரிடமும் சமயம் கேட்பதில்லை என்பதை அறிந்தவர் அவர்.

ஓராண்டல்ல, ஈராண்டல்ல; முந்நூறு ஆண்டுகள் கழிந்த பின்னும் அவர் பெயர் பேச்சு வழக்கில் நிலைத்திருந்தது. திண்டுக்கல்லைத் தலைமையிடமாகக் கொண்டு இயங்கிய அரசுப் போக்குவரத்துக் கழகத்துக்கு இராணி மங்கம்மாள் பெயரைச் சூட்டியிருந்தார்கள். 1997-இல் எல்லாக் கழகங்களின் பெயர்களும் மாற்றப்பட்டபோது அதுவும் மறைந்தது. நம் வயதினர் பலர் அந்தப் பெயர் எழுதிய பேருந்துகளில் ஏறித்தான் பழனிக்குப் போய் வந்தோம். சாலை போட்டவரின் பெயரைப் பேருந்துக்கு வைத்தது பொருத்தம்தானே!

இனி மீனாட்சியம்மன் திருக்கோயிலுக்கு வருவோம். பொற்றாமரைக் குளத்தின் மேற்குக் கரையில் ஊஞ்சல் மண்டபம் உள்ளது. வெள்ளிக்கிழமை தோறும் அம்மையும் அப்பனும் ஊஞ்சலில் எழுந்தருளும் இடம். அந்த மண்டபத்தின் விதானத்தில் மீனாட்சி சுந்தரேசுவரர் திருக்கல்யாணம் ஓவியமாகத் தீட்டப்பட்டுள்ளது. தெய்வத் திருமணத்தைக் கண்டு வணங்கி நிற்பவர்களாக இராணி மங்கம்மாளும், பேரன் விஜயரங்க சொக்கநாதனும் அங்கே இடம்பெற்றுள்ளனர்.

அந்த ஓவியத்தைச் சற்றுச் சிந்தியுங்கள். அரசர்கள் தம் உருவத்தைக் கோயிலில் வைக்கும்போது தேவியரோடு நிற்பதே வழக்கம். திருமலை நாயக்கரும் புது மண்டபத் தூணில் தேவியரோடுதான் நிற்கிறார். இங்கேயோ பாட்டியும் பேரனும். நடுவில் இருந்திருக்க வேண்டிய மகனும் மருமகளும் இல்லை. ஒரு தலைமுறையே இடையில் விடுபட்ட குடும்பம் அது. அந்த இடைவெளியோடு அவர்கள் அம்மையின் திருமணத்துக்கு வந்து நிற்கிறார்கள். பேரனைக் கோயிலுக்கு அழைத்துச் சென்று, "சாமியைக் கும்பிட்டுக்கொள், அப்பா" என்று சொன்ன ஒவ்வொரு பாட்டியின் படமும் அந்த விதானத்தில்தான் இருக்கிறது.

அடுத்த முறை குளக்கரையில் அமரும்போது அம்மண்டபத்தை நோக்கி ஒரு கணம் கைகூப்புங்கள். உங்கள் பாட்டி முதன்முதலில் உங்களை எந்தச் சந்நிதிக்கு அழைத்துச் சென்றார் என்பதும் உங்கள் நினைவுக்கு வரும்.

மங்கம்மாளின் இறுதிக் காலத்தைப் பற்றியும் சொல்லத்தான் வேண்டும். 1706-ஆம் ஆண்டை ஒட்டிப் பேரன் ஆட்சியைத் தன் கையில் எடுத்துக்கொண்டான். அதன்பின் நடந்ததாக மக்கள் ஒரு கதை சொல்கிறார்கள். சுற்றியிருந்தோரின் சூழ்ச்சிக்குச் செவிகொடுத்த பேரன், பாட்டியைச் சிறையில் வைத்தான் என்றும், உணவைக் கண்ணுக்குத் தெரியும்படி, கைக்கு எட்டாதபடி வைத்தார்கள் என்றும், ஊருக்கெல்லாம் சோறிட்டவர் பசியால் உயிர் துறந்தார் என்றும் அக்கதை கூறும்.

இதற்குக் கல்வெட்டுச் சான்று காட்ட இயலாது. வரலாற்று நூலோர் இதை உறுதி செய்வதில்லை. ஆகவே விஜயரங்கன் மீது அந்தப் பழியை நாமும் சுமத்த வேண்டியதில்லை. ஆனால் மக்கள் ஏன் இந்தக் கதையைத் தலைமுறை தலைமுறையாகச் சொன்னார்கள் என்பதை எண்ணிப் பார்க்கலாம். அரச வரலாற்றைக் காட்டிலும் இல்லங்களின் வரலாறே அதில் பேசுகிறது. ஆயுள் முழுவதும் பிறருக்குப் பரிமாறியவள், கடைசிக் காலத்தில் பரிமாறுவாரின்றி அமர்ந்திருப்பதை அவர்கள் தங்கள் தெருக்களில் கண்டிருக்க வேண்டும். அந்த வேதனையை வெளிப்படையாகச் சொல்ல முடியாதவர்கள், அரசியின் கதையாக அதைச் சொன்னார்கள். கேட்ட பேரன்மார் தலைகுனிந்திருப்பார்கள். வீட்டுக்குப் போனதும் பாட்டி சாப்பிட்டாரா என்று கேட்டிருப்பார்கள். அந்தக் கேள்வியை எழுப்புவதற்காகவே அக்கதை உயிரோடு இருந்தது என்று தோன்றுகிறது.

இன்று எட்டாத தூரத்தில் உணவு வைப்பவர் எவரும் இல்லை. உணவு மேசையில்தான் இருக்கிறது. கூட அமர்ந்து உண்பவர்தாம் எட்டாத தூரத்தில் இருக்கிறார்கள். ஒருவர் பெங்களூரில், ஒருவர் சிங்கப்பூரில், ஒருவர் அடுத்த அறையில் கைப்பேசிக்குள். கே.கே. நகரிலும் அண்ணா நகரிலும் பெரிய வீடுகளில் தனியே விளக்கேற்றும் பாட்டிகளை நாம் அறிவோம். அவர்களுக்கு வயிற்றுப் பசி இல்லை. செவிப் பசி இருக்கிறது.

விஜயரங்கனும் பக்தி மிகுந்தவன்தான். திருவரங்கத்துப் பெருமாளிடம் ஆழ்ந்த ஈடுபாடு கொண்டவன். குடும்பத்தோடு கைகூப்பி நிற்கும் அவனுடைய ஆளுயரச் சிலைகளை இன்றும் திருவரங்கம் கோயிலில் காணலாம். கோயில்களுக்கு வாரி வழங்கினான். தலயாத்திரையில் நாட்களைக் கழித்தான். ஆட்சிக் காரியங்களை மற்றவர்களிடம் விட்டான் என்பது அவன் மீது வரலாறு வைக்கும் குறை. பிள்ளையின்றி அவன் மறைந்த பிறகு தேவி மீனாட்சி சில காலம் ஆண்டார். 1736-இல் நாயக்கர் அரசே முடிவுற்றது. பாட்டியிடமிருந்து பேரன் பக்தியைப் பெற்றுக்கொண்டான். சந்நிதியில் விளக்கேற்றிவிட்டு வந்து கணக்குச் சுவடியையும் விரித்துப் பார்க்கும் பொறுப்பு அவனிடம் வந்து சேரவில்லை. பாட்டியின் பூஜை அறையை மட்டும் நினைவில் வைத்துக்கொண்டு, அவருடைய அடுக்களையையும் திண்ணையையும் மறந்துவிட்டால் நமக்கும் அதுவே நேரும்.

திண்ணை என்றதும் ஒன்று சொல்லத் தோன்றுகிறது. மங்கம்மாள் கட்டியது சத்திரம். நம் பாட்டிகள் வைத்திருந்தது திண்ணை. இரண்டும் ஒன்றே. முன்பின் தெரியாத வழிப்போக்கன் படுத்து எழுந்து போவதற்காகவே வீட்டுக்கு முன் திண்ணை கட்டினார்கள். அதன் ஓரத்தில் மண்பானையில் தண்ணீரும் ஒரு செம்பும் இருக்கும். உள்ளே பாட்டி உலையில் அரிசி இடுமுன் ஒரு பிடியை எடுத்துத் தனிக் கலயத்தில் போடுவார். காஞ்சி மகா பெரியவர் இந்தப் பழக்கத்தையே பிடி அரிசித் திட்டமாக வளர்த்து, வீடுதோறும் நாளுக்கு ஒரு பிடி அரிசி ஒதுக்கி ஏழைகளுக்கு அன்னமிடச் சொன்னார். அரசிக்கு ஊர்களின் வருவாய் இருந்தது. அவர் மானியம் எழுதினார். பாட்டிக்கு ஒரு பிடிதான் இருந்தது. அவர் அதை எழுதாமலே கொடுத்தார். தருமதேவதையின் தராசில் இரண்டுக்கும் எடை ஒன்றாகத்தான் இருக்கும்.

அதற்குச் சான்றும் இதே மதுரையில் இருக்கிறது. பரஞ்சோதி முனிவர் பாடிய அறுபத்து நான்கு திருவிளையாடல்களுள் பிட்டுக்கு மண் சுமந்த லீலையை அறியாதவர் யார்? வைகையில் வெள்ளம் வந்தது. வீட்டுக்கு ஓர் ஆள் வந்து கரை அடைக்க வேண்டும் என்பது அரசாணை. வந்தி என்னும் மூதாட்டிக்குக் கணவன் இல்லை, பிள்ளை இல்லை, பேரனும் இல்லை. பிட்டு விற்றுப் பிழைப்பவள். அவளுக்காகச் சொக்கநாதப் பெருமானே கூலியாளாக வந்தார். உதிர்ந்த பிட்டைக் கூலியாகக் கேட்டு வாங்கி உண்டார். மண் சுமந்தார். பாண்டியன் கைப் பிரம்படியும் பட்டார். அந்த அடி எல்லா உயிர்கள் மீதும் விழுந்தது. வந்தியோ சிவலோகம் சேர்ந்தாள்.

பேரன் இல்லாத பாட்டிக்கு இறைவனே பேரனாக வந்த ஊர் மதுரை. ஆவணி மூலத்தன்று சுவாமி பிட்டுத் தோப்புக்கு எழுந்தருளும்போது நாம் கொண்டாடுவது ஒரு பாட்டியின் நினைவு நாளே. அவளுக்குக் கல்லறை இல்லை, கல்வெட்டு இல்லை. அவள் அவித்த பிட்டே பிரசாதமாக நின்றுவிட்டது. பாட்டிகளை நினைக்கும் முறையை ஆலவாய் அண்ணலே நமக்குக் காட்டியிருக்கிறார். அவர்கள் கையால் செய்ததை நாமும் செய்து, நாலு பேருக்குப் பகிர்ந்து உண்பதே அந்த முறை.

ஆகவே அன்பர்களுக்கு ஒரு விண்ணப்பம். வரும் மகாளய பட்சத்துக்குள் ஓர் ஏட்டை எடுத்துக்கொள்ளுங்கள். உங்கள் தாய், இருவழிப் பாட்டிமார், தெரிந்தவரை கொள்ளுப்பாட்டிமார் ஆகியோரின் முழுப் பெயர், பிறந்த ஊர், மறைந்த திதி ஆகியவற்றை எழுதி வையுங்கள். அத்தைமார், சித்திமார், ஊரிலுள்ள தொண்ணூறு வயதுப் பெரியவர்கள் இருக்கும்போதே கேட்டுவிடுங்கள். அவர்களோடு போய்விட்டால் பிறகு எந்த அலுவலகத்திலும் அந்தப் பெயர் கிடைக்காது.

ஒவ்வொரு பெயருக்கும் கீழே, அவர் தவறாமல் செய்துவந்த ஒரு தருமத்தையும் எழுதுங்கள். கோடையில் நீர்மோர் கொடுத்திருப்பார். பிரதோஷத்துக்கு வில்வம் தொடுத்திருப்பார். தெருவில் பிரசவித்தவளுக்குப் பத்தியச் சோறு அனுப்பியிருப்பார். காக்கைக்கு வைக்காமல் உண்டிருக்க மாட்டார். அதில் ஒன்றை உங்கள் வீட்டில் மீண்டும் தொடங்குங்கள். அவருடைய பெயரைப் பேரக் குழந்தைகளுக்குச் சொல்லி, "இது இன்னார் செய்து வந்த தருமம்" என்று அவர்கள் கையாலேயே செய்ய வையுங்கள். அவர்கள் கேள்வி கேட்பார்கள். அந்தக் கேள்விகளுக்கு விடை சொல்லும்போது பாட்டி கூடத்தில் வந்து அமர்வார்.

இதைப் படிக்கும் பாட்டிமார்களே, உங்களுக்கும் ஒரு சொல். "என் கதையில் என்ன இருக்கிறது?" என்று ஒதுங்கிவிடாதீர்கள். மங்கம்மாள் எந்த மகளிடமும் தம் மனத்தைத் திறந்து சொல்லி வைத்ததாக ஒரு குறிப்பும் இல்லை. பேரனின் தொட்டிலருகே அவர் என்ன எண்ணினார், மகன் இறந்த இரவில் யாரை அழைத்து அழுதார் என்பதை நாம் ஒருபோதும் அறியப்போவதில்லை. அரசிக்கே அந்த நிலை. உங்களுக்கு அப்படி நேர வேண்டாம். பேரன் தொலைபேசியில் அழைக்கும்போது உடல்நலக் குறையை மட்டும் சொல்லி முடிக்காமல், உங்கள் பாட்டியின் பெயரைச் சொல்லுங்கள். அவர் வைத்த மரம் எங்கே நின்றது என்று சொல்லுங்கள்.

பேரன்மார்களுக்குச் சொல்ல வேண்டியது சிறிது. எள்ளும் நீரும் பின்னர் வார்க்கலாம். அதற்குக் காலம் இருக்கிறது. இன்று அவர் எதிரில் இலை போட்டு, பக்கத்தில் அமர்ந்து, "இன்னும் கொஞ்சம் சாப்பிடுங்கள், பாட்டி" என்று ஒரு வார்த்தை சொல்லுங்கள். உங்களுக்கு அவர் ஆயிரம் முறை சொன்ன வார்த்தை அது.

வந்திக்குக் கூலியாளாய் வந்த சொக்கநாதப் பெருமானும் அங்கயற்கண்ணி அம்மையும் நம் இல்லங்களிலுள்ள முதியோர் அனைவரையும் காத்தருள்க.